மேற்கு முனை

அன்று காலை தையற்கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்.

தையல் மிஷினில் சிக்கந்தர், தெருவைப் பார்த்தபடி. கடை அவருடையது. வெளியே, சுவரோரம் கிடந்த பெஞ்சின் மேற்கு முனையில் பொன்னுத்துரை, ரேஷன் கடையில் எடை போடுபவர். கிழக்கு முனையில் அவர், ஓய்வூதியம் வாங்குபவர். வாசற்படிக்குப் பக்கத்தில் முக்காலியில், புதிதாகக் குடிவந்த ஞானசிகாமணி.

செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தது கிழக்கு முனையில் இருந்த அவர்தான். எப்போதும் அவர்தான் படிப்பார்.

இன்னும் கட்டாத நிழற்குடைக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டதாகப் பேரூராட்சியின் அறிவிப்பு ஒன்று.

அதற்குக் கீழே இன்னொன்று. கடை வாசலில் பெஞ்சு போட இனிமேல் அனுமதி வாங்க வேண்டும். வழக்கமாக அதில் உட்காருகிறவர்களின் புகைப்படத்தையும் இணைக்க வேண்டும்.

பொன்னுத்துரை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"உக்கார்றதுக்குப் போட்டோவா? செயல் அலுவலரு சீட்டுல உக்காந்தே தூங்குறாரே, அதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்குனாராம்ணே?"

சிக்கந்தர் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்துபோனது.

ஞானசிகாமணி சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

செய்தித்தாளுக்கு மேலாக அவர் அதைப் பார்த்தார்.

பத்தொன்பதாம் நாள் பொன்னுத்துரைக்கு மெமோ வந்தது. அரசு அலுவலரைப் பொது இடத்தில் இழிவாகப் பேசியது ஏன்? ஏழு நாளில் தக்க விளக்கம் வராவிட்டால் வேலை நீக்கம்.

பொன்னுத்துரை போனில்தான் சொன்னார். கடைப் பக்கம் வரவில்லை. பொன்னுத்துரை வீட்டில் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான்.

யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

சிக்கந்தரைப் பற்றி அவர் இரண்டு நாள் யோசித்தார். பேரூராட்சி ஆட்களுக்குச் சீருடை தைப்பது இந்தக் கடைதான். அளவு கொடுக்க வருகிறவர்கள் சும்மாவா நிற்பார்கள்? ஆனால் அனுமதி இல்லாத அந்தப் பெஞ்சும் சிக்கந்தருடையது. தன் வாசலைத் தானே காட்டிக் கொடுப்பாரா?

மிச்சம் ஒருவர்.

ஊருக்கு வந்து மூன்று மாதம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், "வெளியூர்ல இருந்தேன்" என்பார். அவ்வளவுதான்.

பிறகு அந்த நோட்டு.

மறுநாள் முக்காலியின்மேல் ஒரு துணிமூட்டை இருந்தது. வைத்தவர் சிக்கந்தர். வைக்கச் சொன்னவர் அவர்.

ஞானசிகாமணி வந்தார். மூட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

"ஏன்னு ஒரு வார்த்தை கேட்டாரா பாத்தியா?" என்றார் அவர், சிக்கந்தரிடம்.

மெமோ வந்த ஐந்தாம் நாள் பொன்னுத்துரை அதோடு வந்தார். சவரம் செய்யாத முகம்.

"நீங்கதாண்ணே பதில் எழுதணும். உங்க கை பட்டா அது நிக்கும்."

அந்தத் தெருவுக்கே மனு எழுதிக் கொடுப்பவர் அவர். தேதி, நேரம், இடம், இருந்தவர்கள், பேசியவை. ஒன்றையும் விடமாட்டார். ஏழாம் வகுப்பில் கடிதத்துக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவர்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'சுவரோரம் கிடந்த பெஞ்சின் மேற்கு முனையில் அமர்ந்திருந்த தாங்கள்...'

மறுபடியும் படித்தார்.

இந்தத் தெருவில் யாரும் மேற்கு முனை என்று சொல்வதில்லை. 'டைலர் பெஞ்சுல அந்தக் கடைசி' என்பார்கள்.

மெமோவின் தலையில், எந்தக் கடிதத்தின் பேரில் என்று காட்டும் 'பார்வை' என்ற இடத்தில் ஒரு தேதி.

பெஞ்சு உத்தரவைக் கண்டித்து அவர் பேரூராட்சிக்கு மனு அனுப்பிய தேதி.

மக்கள் எவ்வளவு கொதித்துப்போயிருக்கிறார்கள் என்பதற்குச் சான்றாக, பொன்னுத்துரை சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார். ஓர் எழுத்தும் மாறாமல். மனு போய்ச் சேர்ந்த ஒப்புகை அட்டை அவர் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்.

தேதி. நேரம். இடம்.

'இருந்தவர்கள்' என்று எழுதியதும் பேனா நின்றது. நாற்பது வருடத்தில் அந்த இடத்தில் அது நின்றதில்லை. நடக்காததை அவர் எழுதியதும் இல்லை.

பெஞ்சின் மேற்கு முனையில் நான்.

பேசியது நான். முந்தைய மனுவில் பெயரை மாற்றி எழுதிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே தன் ஓய்வூதிய எண்ணையும் எழுதினார். எப்படியும் கேட்பார்கள்.

கடிதத்தோடு கடை வாசலுக்கு வந்தபோது மூட்டை முக்காலியின்மேலேயே இருந்தது. அதைத் தூக்கித் துணி வெட்டும் மேஜையில் வைத்தார். முக்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார்.

சிக்கந்தர் மிஷினை நிறுத்தினார்.

"யாருக்குண்ணே எடம் போடுறீங்க? அந்த ஆளுக்கா?"

"போய்ச் சொன்னது அவரு இல்லப்பா."

"அப்ப யாரு?"

அவர் உறையின் பசையை நாக்கால் நனைத்துக்கொண்டிருந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, மெதுவாக.

ஒட்டினார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். தெருவில் இறங்கி நடந்தார்.

தபால் அலுவலகத்தில், ஒப்புகை அட்டை வைக்கட்டுமா என்று கேட்டார்கள்.

வேண்டாம் என்றார்.