சக்கரத் தடத்து மண்

"என்னக்கா, அந்த மண்ணை இன்னும் எத்தனை தடவை எடை போடுவீங்க? பாவம், அதுக்கே வெக்கமாயிருக்கும்!" பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று தடவையும் தராசு காட்டியது நூற்று ஐம்பத்தெட்டு கிராம்.

மண் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. காட்டிலிருந்து சின்ன இரும்பு வளையம் நிறைய மண் வரும். காயவைத்து எடை போடுவாள். நல்ல காட்டு மண் பொலபொலவென்று இருக்கும். நூறு கிராம் தேறினாலே பெரிய விஷயம். வெட்டிய மரத்தை இழுக்கிற வண்டி அதன் மேல் ஏறி ஏறி மிதித்தால், அதே வளையத்துக்குள் மண் இறுகி எடை கூடிவிடும். நூற்று நாற்பதைத் தாண்டினால் அந்தச் சரிவில் வண்டி ஏறக் கூடாது என்பது சட்டம்.

இந்த மண் வந்த மேல்சரிவில் வண்டி ஓட்டுவது அவள் கணவன்.

போன வருடம் இன்னொரு சரிவை மூடியபோது ஐந்து மாதம் வீட்டில் கிடந்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவான். மகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவான். மறுபடி வண்டியில் ஏறின அன்றைக்குத்தான் மனுஷன் மனுஷனானான். இன்னொரு ஐந்து மாதத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மண் வந்த பையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். 'சக்கரத் தடம்' என்று எழுதியிருந்தது.

"மண்ணு எடுத்தவன் நாலடி தள்ளித் தோண்டியிருந்தா குறைஞ்சா போயிருப்பான்?" என்று முணுமுணுத்தாள்.

"யாரைக்கா திட்டுறீங்க?"

"என் தலையெழுத்தை."

மனசு சும்மா இருக்குமா? சாக்குத் தேட ஆரம்பித்தது. தோண்டினவன் வேண்டுமென்றே மோசமான இடத்தில் தோண்டியிருக்கிறான். அவன் செய்த அநியாயத்தைத்தானே நாம் சரிசெய்கிறோம்?

ஐந்து மணிக்கு அறிக்கையில் 138 என்று எழுதி, மேலதிகாரியின் மேஜையில் வைத்தாள். காலையில் வந்து கையெழுத்துப் போடுவார். எழுதும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

வீட்டில் கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"மேல்சரிவு மண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு. அதுக்கென்ன இப்போ? ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா?"

"உங்க வண்டி ஓடும்கிறேன். நிம்மதியா வெங்காயத்தை நறுக்குங்க."

கத்தி நின்றது. "அப்படி வராதே..."

"ஏன் வராது?"

"மழை பெஞ்சு ஒன்பது நாளாச்சு. என் தடத்துல தண்ணி அப்படியே நிக்குது. ஒரு சொட்டு உள்ள இறங்கல. போன வருஷம் ஓட்டின தடத்துல இன்னிக்கு வரைக்கும் ஒரு புல்லு முளைக்கல. மொதலாளிகிட்ட சொன்னேன். 'வண்டிய ஓட்டுறதுதான் உன் வேலை, மண்ணப் பத்தி உனக்கென்னய்யா கவலை'ன்னுட்டாரு."

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"மண்ணு எடுக்க வந்தவரு மரத்தடியிலதான் வளையத்தை வச்சாரு. நான்தான் வண்டிய விட்டு எறங்கிப் போய், 'இங்க வேணாம் சார், என் சக்கரம் போன எடத்துல எடுங்க'ன்னு காட்டினேன்."

"நீங்களா?" அவள் கிட்டே வந்தாள். "வேலை போயிடுமேங்க! போன வருஷம் பட்டது போதாதா?"

"போகும்னு தெரியும். பயமாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் காட்டினீங்க?"

"வேற யாராவது சோதிக்கிறதா இருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன். மொதலாளி எதையாவது கொடுத்து நம்பரை மாத்திடுவாரு." அவன் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "உன் மேஜைக்குத்தான் போகுதுன்னாங்க. அந்த தைரியத்துலதான் காட்டினேன்."