வாசல் பலகை

எல்லா வீட்டு வாசலிலும் அந்தப் பலகை உண்டு. சோறும் மருந்தும் நீங்கலாக, அந்த வீட்டார் கடைசியாக ஒரு பொருளை வாங்கி எத்தனை நாளாயிற்று என்று அது காட்டும். நுகர்வு எதிர்ப்புப் பேராசிரியர் ஞானவடிவேலின் வாசலில் 1,412. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அவர் வீட்டில் சமைக்கும் செங்கமலத்தின் ஒற்றை அறை வாசலில் எப்போதும் பூஜ்யம்தான். பேராசிரியரின் காபி மெஷினும் தேக்கு நாற்காலியும் அவள் பெயரில்தான் வந்து இறங்கின.

"சார், என் பொண்ணுக்கு காலேஜ்ல சீட் இல்லைன்னுட்டாங்க. வாங்கிக் குவிக்கிற குடும்பமாம்."

"அந்த விதியை எழுதின கமிட்டிக்கே நான்தாம்மா தலைவர். நானே எப்படி மீற முடியும்?"

"நெசமா யாரு வாங்குனதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்."

அவர் உச்சுக்கொட்டினார். "ஆசையைக் கொஞ்சம் குறைச்சுக்கப் பாரு, செங்கமலம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு எனக்கு எளிமை விருது தராங்க. கிழிஞ்ச ஜிப்பா ஒண்ணு உன் பேர்ல ஆர்டர் போட்டிருக்கேன். வந்ததும் கொண்டாந்துடு. கசங்காம."