அடியில் என்ன நம்பர்?

“அடியைத் திருப்பிக் காட்டுங்கப்பா. இன்னும் கிட்ட.”

பாஸ்கரன் அந்தப் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி செல்போனுக்கு நேரே பிடித்தார். எவ்வளவு சுரண்டியும் லேபிளில் ஒரு மூலை மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டார்.

“முக்கோணத்துக்குள்ள என்ன நம்பர் போட்டிருக்கு?”

“கண்ணாடி போடாம தெரியலம்மா. ஒண்ணு மாதிரி இருக்கு.”

“ஒண்ணேதான். இதுல என்ன வச்சிருந்தீங்க?”

“ரசம்.”

“சூடாவா ஊத்துனீங்க?”

“லேசா சூடு இருந்துச்சு.”

புனேயில் இருக்கும் மகள் இளவேனில் பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

“ஒண்ணாம் நம்பர்னா ஒரு தடவை உபயோகிச்சுட்டுப் போட்டுடணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? அதுல போய் சூடா ரசத்தை ஊத்துவாங்களாப்பா? பிளாஸ்டிக்ல இருக்கறதெல்லாம் ரசத்துல இறங்கிடும். இவ்வளவு பெரிய ஃபேக்டரியில வேலை பாத்தவரு, இது கூடவா தெரியாது?”

பாஸ்கரன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பார்ப்பவர்களுக்குப் பாவமாக இருக்கும். ஆனால் அந்த வாரத்திலேயே அவர் சந்தோஷமாக இருந்தது இப்போதுதான். இந்த வீடியோ அழைப்புக்காகக் காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரிட்டயரானதும் கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட் வாங்கி வந்த கையோடு மனைவி ஜெகதாம்பாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தவரை மகளின் போன் அவளுக்குத்தான் வரும். “அப்பாகிட்ட குடுக்கவா?” என்று கேட்டால், “வேணாம்மா, கேட்டேன்னு சொல்லு” என்பாள் மகள். அவரும் பக்கத்தில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஜெகதாம்பாள் போனபிறகு போன் அவருக்கு வந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“மாத்திரை?”

“ம்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்லம்மா.”

அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சு விடும் சத்தம்தான். “சரிப்பா, வைக்கிறேன்” என்று அவள் வைத்துவிட்டால், அடுத்த ஞாயிறு வரை அந்த வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு குரல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குப் பின்னால் மேஜையில் இருந்த பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் அவள் கண்ணில் பட்டது. அதில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் விடாமல் திட்டு. அன்று பாஸ்கரன் நிம்மதியாகத் தூங்கினார்.

மகள் சொன்னதற்காக அந்தப் பாட்டிலை மறுநாளே தூக்கிப் போட்டார். பார்த்தால், அடுத்த ஞாயிறு மறுபடியும் “சாப்பிட்டீங்களா”, “ம்”.

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு திருவானைக்காவல் பக்கம் இருக்கும் அம்மாசியின் பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

“கொண்டாந்து போடுறவங்களைத்தான் பாத்திருக்கேன். காலி பாட்டிலை எடுத்துட்டுப் போறவரு நீங்க ஒருத்தர்தான் சார்” என்று அம்மாசி நேற்றுகூடச் சிரித்தார். “எதுக்கு சார் இதெல்லாம்?”

“பொண்ணுக்கு” என்றார் பாஸ்கரன்.

“அப்பா, கேக்குறீங்களா?”

“கேக்குறேம்மா.”

“எனக்கே அலுத்துப் போச்சு. வாராவாரம் இதே கதை. இனிமே நான் சொல்றதா இல்ல. உங்க இஷ்டம்.”

இவள் திட்டுவதை நிறுத்திவிட்டால் பாஸ்கரனுக்கு மிஞ்சுவது அந்த ‘ம்’ மட்டும்தான்.

“இளா, ஸ்டோர் ரூம்ல இன்னொண்ணு கிடக்கும்மா” என்றார் அவசரமாக. “பெருசு. அதுலதான் நல்லெண்ணெய் ஊத்தி வச்சிருக்கேன்.”

அவள் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

“என்ன நம்பர்?”

“பாக்கல.”

“சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்து வைங்க. நான் பாக்காம அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.”

“சரிம்மா.”

“வைக்கிறேன்பா.”

பாஸ்கரன் எப்போதும் முதலில் வைக்க மாட்டார். அவளாக வைக்கட்டும் என்று காத்திருப்பார். இன்று அவள் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது. திரையில் அவள் முகம் போய், கூரையில் சுற்றும் மின்விசிறி தெரிந்தது. அவளோடு தங்கியிருக்கும் பானுப்ரியாவின் குரல் கேட்டது.

“நீயே ஒண்ணாம் நம்பர் பாட்டில்லதான் ஒரு மாசமா தண்ணி குடிக்கிற. அவரை ஏன்டி இந்தத் திட்டு திட்டுற? நிஜமாவே அதுல ரசம் ஊத்துனாராமா?”

“எங்கப்பாவா? எவர்சில்வர் டம்ளரையே ரெண்டு தரம் கழுவாம வாயில வைக்க மாட்டாரு. போன வாரம் ஷாம்பு பாட்டிலைக் காட்டி தேன் வச்சிருக்கேன்னாரு. இன்னைக்குக் கட்டை விரலால மூடிக்கிட்டுக் காட்டுனது பினாயில் பாட்டில்.”

பிறகு இளவேனிலின் குரல் தாழ்ந்து வந்தது.

“எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுட்டா, அடுத்த வாரம் எங்க ரெண்டு பேருக்கும் பேச என்னடி இருக்கு?”