நூற்றெட்டா, நூற்றொன்பதா?

“இன்னா தகிரியம் உனுக்கு! கல்லாட்டம் கீற என் புருசனுக்கு நூத்தியொம்போது படிக்கிறியாமே!” குழாயடியில் குடத்தை நங்கென்று வைத்தாள் இருதயம்மாள்.

“என் வூடு, என் பைபிளு. உனுக்கு இன்னாடி பேஜாரு?” வியாகுலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ராயபுரத்தில் அந்தச் சந்தில் தண்ணீர் நின்றாலும் சண்டை நிற்காது. இருதயத்தின் இக்னேஷியஸ், வியாகுலத்தின் ஹென்றி, இருவருமே ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர்கள். காலியாக இருந்ததோ ஒரே ஒரு ஃபோர்மேன் வேலை. கூடவே டோல்கேட்டில் குவார்ட்டர்ஸ்.

கத்தோலிக்கர்களான இவர்களுக்குப் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது அது. எதிரியை மனதில் நிறுத்தி நூற்றொன்பதாம் சங்கீதத்தை நாற்பது நாள் படித்தால் அவன் எழுந்திருக்கவே மாட்டான் என்று வியாகுலத்துக்குச் சொன்னவள் எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம். திருநெல்வேலிப் புராட்டஸ்டண்ட். அதை இருதயத்தின் காதில் போட்டது யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

சமாதானம் பண்ணவும் அவளேதான் வந்தாள். வியாகுலத்தின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏக்கா, நான் சொன்னது எங்க வேதத்து நம்பருல்லா! உங்க வேதத்துல ஒண்ணு குறையும். சாபம் நூத்தியெட்டு. இது, ‘என் வலப்பக்கத்துல வந்து உட்காரு’ன்னு ஆண்டவர் ராசாவுக்குச் சொல்லுத சங்கீதம்.”

“அடிப்பாவி! முப்பத்தொம்போது நாளா அந்தாளத் தூக்கி நாற்காலில குந்த வெச்சிகினு கீறேனா!”

சொல்லிவைத்ததுபோல மறுநாளே இக்னேஷியஸ் பெயர் நோட்டீஸ் போர்டில் ஏறியது.

வியாகுலம் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் பின்னால் திருப்பி, ஜன்னலையும் திறந்துவைத்து, நூற்றெட்டை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். அந்தச் செந்தமிழ் இருதயத்துக்குப் பிடிபடவில்லை. தங்கபுஷ்பத்திடம் ஓடினாள்.

“இன்னா பொஷ்பம் சொல்றா அவ?”

“வேண்டாம்க்கா, கேக்காதிய.”

“சொல்லுடி!”

“அவன் வேலை இன்னொருத்தனுக்குப் போகட்டும்... பொண்டாட்டி தாலியறுக்கட்டும்னு போட்டிருக்குக்கா.”

இருதயம் வீட்டுக்குள் பாய்ந்தாள். “யோவ்! ஃபோர்மேனும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். எய்திக் குட்த்துட்டு வா!”

இக்னேஷியஸ் எழுதிக் கொடுத்தார். ஏன் என்று ஆபீசில் கேட்டதற்கு உள்ளதையும் சொல்லித் தொலைத்தார். “அப்படியானால் சாபம் விடுகிற வீட்டுக்கும் கிடையாது” என்றுவிட்டார் அதிகாரி. அன்று ஹென்றி வீட்டில் சாப்பிடவில்லை.

‘இன்னொருத்தன்’ யார் என்று சங்கீதத்தில் பெயர் போட்டிருக்கவில்லை. அடுத்த மாதம் மடியில் வேதத்தோடு ரிக்‌ஷாவில் ஏறி, இரண்டு வீட்டுக்கும் கும்பிடு போட்டுவிட்டு, டோல்கேட் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனாள், மூன்றாவது கிரேன்காரன் ஜெயவேலின் பெண்டாட்டி தங்கபுஷ்பம்.