பறக்கலாம் என்றார் இன்ஸ்பெக்டர்

‘ஏப்ரல் 6. வால் பகுதி போல்ட் ஒன்று கழலாமலிருக்கப் பூட்டுப் பின் போட மறந்திருந்தேன். இன்று போட்டாயிற்று.’

கொட்டகையில் தானே கட்டிய குட்டி விமானத்தின் குறிப்பேட்டில் அவர் இப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, விமானத்துக்கு அடியிலிருந்து டார்ச்சோடு தலையை நீட்டினாள் மனைவி.

"என்னங்க, ஒண்ணை மறந்தவர் இன்னொண்ணை மறந்திருக்க மாட்டீங்களா?"

"ஐயோ, ஆரம்பிச்சுட்டியா! விமானத்தைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரே பார்த்துட்டு, பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டார். அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதோ?"

"அந்தப் பெட்ரோல் குழாயை மட்டும் ஒருதரம் பாருங்களேன்."

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு!"

"நாளைக்கு முதல் தடவை பறக்கும்போது துணைக்கு ஒரு ஆள் ஏறக் கூடாதா?"

"கூடாது. ஓட்டுற ஆள் மட்டும்தான். அதுதான் சட்டம். நச்சரிக்காதே, தாயே! ரெண்டு சுத்து சுத்திட்டு இறங்கறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

அவள் விமானத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"சரி, சீட்டையாவது முன்னால தள்ளிப் போடுங்க. பெடல் எட்டாம நான் எப்படி ஓட்டுறது?"

கண் பரிசோதனையில் அவர் தேறவில்லை. வீட்டில் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவள் அவள்தான். ஆனாலும் இருக்கையைத் தன் கால் அளவுக்கே பொருத்தியிருந்தார். அந்தரத்தில் ஆடிய அவள் கால்களை அவர் பார்த்தார்.

"இறங்கு. நாளைக்கு வேண்டாம்."

"ஏன்? இன்ஸ்பெக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரே!"

"அவருக்கென்ன, போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டார்! பறக்கப்போறது அவர் பொண்டாட்டியா?"

பேனாவை எடுத்து அடுத்த வரியை எழுதினார்: ‘நாளை பறக்கப்போவதில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.’