கடைசி வாய்

இந்தக் காலத்தில் பசிக்கு யாரும் சாப்பிடுவதில்லை. பெருமைக்குத்தான் சாப்பிடுகிறார்கள். இல்லாவிட்டால் தட்டுக்கு ஒரு வாய் என்று மூன்று மணி நேரம் பரிமாறுகிற ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்கு என் மகன் என்னைக் கூட்டிப் போவானா?

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நீளமான மரப்பலகை முன்னால் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்தோம். எதிரே நின்ற சமையல்காரன் மீனை அறுத்து அறுத்து வைத்தான். தட்டு மாற மாற ஆட்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். கதவை ஒட்டி இருந்தவன் நான். என்னைத் தாண்டி ஒருவரும் வெளியே போகவில்லை. காலியான இடத்தைச் சமையல்காரன் ஈரத்துணியால் துடைத்தான், அவ்வளவுதான்.

“மத்தவங்கல்லாம் எங்கடா?”

“யாருப்பா? வந்ததுலேருந்து நாம ரெண்டு பேருதானே. பேசாம சாப்பிடுங்க,” என்றான் மகன்.

கடைசித் தட்டு வந்தது. மகன் குச்சியால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். அவன் கையைத் தட்டிவிட்டேன். மீன் தரையில் விழுந்தது.

சமையல்காரன் என் தட்டைக் காட்டிக் குனிந்து வணங்கினான். “ஒரே ஒரு வாய்தான் ஐயா.”

“அப்படின்னா நீயே தின்னு.”

அவன் தொடவில்லை.

மகனை வாசலுக்கு இழுத்து வந்தேன். “மானத்தை வாங்கிட்டீங்கப்பா,” என்று முணுமுணுத்தான். அங்கே எட்டு ஜோடிச் செருப்பும் அப்படியே கிடந்தன. ஒரு பெண்ணின் செருப்பில் மழை ஈரம் இன்னும் காயவில்லை.

“கடைக்காரங்களோடதா இருக்கும்பா.”

“இருக்கும், இருக்கும்,” என்றேன். எங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு, அவன் கையை மட்டும் விடாமல் தெருவில் இறங்கி நடந்தேன்.