கப்பலின் ஊர்

இன்றைக்கு அந்த அம்மாள் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவது என்று அனந்தலக்ஷ்மி மனசைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள்.

முடியவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு பெங்களூர் விவேக் நகரில் பஸ் பிடித்து, காக்ஸ் டவுன் வந்து, வழக்கம்போல் படியேறிவிட்டாள் சின்னத்தாய். மாமனார் சேஷகிரியோ அதற்கு முன்பே சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தார்.

"ஐயா, பையனோட கப்பல் அதோட ஊருக்குப் போய்ச் சேந்துச்சாங்களா?"

"இன்னும் சேதி இல்லைம்மா."

"பின்பக்கம் மன்ரோவியான்னு ஊர்ப் பேர் எழுதியிருக்குதே. எங்க சுத்தினாலும் கடைசீல சொந்த ஊருக்குத்தானே வரணும்?"

"வரும். வராம எங்க போகும்?"

அனந்தலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதராஸ் துறைமுகத்தில் கப்பல் சர்வேயராக இருந்தவர் மாமனார். அடித்தட்டு வரை இறங்கிப் பார்த்து, இது கடல் தாங்கும், இன்ன தரம் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் கப்பலுக்கு இன்ஷூரன்ஸ். அது இல்லாமல் எவனும் சரக்கு ஏற்றமாட்டான். மன்ரோவியா என்பது, வரி குறைச்சல் என்று முதலாளிகள் கப்பலைப் பதிவு செய்து, பின்பக்கம் பேர் எழுதிக்கொள்கிற ஏதோ ஆப்பிரிக்க ஊர். அங்கே பதிவான கப்பல்களில் பாதி, அந்தத் துறைமுகத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. எல்லாம் அவரே சொல்லித்தான் இவளுக்குத் தெரியும்.

கப்பல் காணாமல் போய் இரண்டு வருஷம். மூழ்கிவிட்டது என்று முடிவுகட்டி, பதிவிலிருந்து பேரையும் அடித்துவிட்டார்கள். அதில் பாய்லருக்குக் கரி அள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பெர்னார்ட்தான் சின்னத்தாயின் ஒரே பிள்ளை.

"அப்போ அடுத்த வாரம் வரேங்க ஐயா."

"வாம்மா. அதுக்குள்ளே ஏதாவது தெரியும்."

அன்றைக்கும் சேஷகிரி ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கை கழுவினார். ஆறு மாசத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

"ஒரு தடவை நிஜத்தைச் சொல்லிடுங்கோளேன் அப்பா. அவாளும் அழுது தீர்த்துப்பா."

"அந்த ஒரு வார்த்தைதாம்மா அவகிட்ட மிச்சம். அதையும் பிடுங்கச் சொல்றயா?"

புருஷன் சுப்ரமணியன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பிள்ளையைப் பறிகொடுத்தவ. வந்துட்டுப் போறா, விடு."

"அதுக்கு வாராவாரம் வந்து இவரைக் கொல்லணுமா?"



நவம்பர் இரண்டாம் தேதி கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள். அனந்தலக்ஷ்மி தான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து வீட்டுக்கு வரும் வழியில், கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரே கூட்டம். நடுவிலே இருந்த பெரிய சிலுவையடியில் வரிசையாக மெழுகுவத்திகள். உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்கு அங்கேதான் ஏற்றுவார்கள்.

அங்கே குனிந்திருந்தாள் சின்னத்தாய்.

அனந்தலக்ஷ்மி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

"யாருக்கு ஏத்தறேள்?"

"பெர்னார்டுக்குத்தாம்மா." அவள் திடுக்கிடவில்லை.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"போன வருசமே கப்பல் கம்பெனிக்காரங்க ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. அவன் ஆத்துமாவுக்குப் பூசையும் வெச்சாச்சு."

"அந்த மன்ரோவியா?"

"அந்த ஊரு எந்தத் திசைல இருக்குதுன்னு எங்க கேப்டனுக்கே தெரியாதும்மான்னு சொல்லிச் சிரிப்பான்."

"எல்லாம் தெரிஞ்சுண்டா வாராவாரம் வந்து அந்தக் கிழவரைப் பொய் சொல்ல வைக்கறேள்? உங்களுக்கே நன்னாயிருக்கா? நீங்க போனப்புறம் அவர் ஒரு பருக்கை தொடறதில்லை, தெரியுமா?"

சின்னத்தாய் காற்றுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு, அணைந்துபோன திரியை மறுபடி பற்றவைத்தாள். அது பிடித்துக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"கடைசி லீவுல வந்தப்ப பெர்னார்ட் சொன்னாம்மா, அந்தக் கப்பல் இன்னும் ஓடலாம்னு எழுதிக் குடுத்தது நம்ம பெங்களூர்க்காரர், சேஷகிரி ஐயான்னு. நான் வந்து கேக்கற வரைக்கும் அவருக்கு அது எங்கியோ ஓடிக்கிட்டுதான் இருக்குது. நான் நிறுத்தினா, அன்னிக்கு அவரும் அதோட முழுகிடுவாரு."